மூன்றாம் மார்க்குக்கு ஒரு நட்சத்திரம்

அன்புள்ள தம்பிக்கு,

பம்பு கம்பெனியின் டிசைன் பிரிவில் சேர்ந்தும் சொந்தமாக ஒரு டிராயிங் போடக் கிடைக்கவில்லை, யாரோ போட்டதற்கு ரிவிஷன் போட்டே பொழுது போகிறது, கிழிந்த சட்டைக்கு ஒட்டுப்போடும் தையற்காரன் ஆகிவிட்டேன் என்று புலம்பியிருந்தாய். அறுபது வருஷத்துக்கு மேல் ரிவிஷனிலேயே பிழைத்த ஒரு சாமானைப் பற்றிச் சொல்கிறேன். நம்மூர் போலீஸ்காரர் தோளில் பார்த்திருப்பாயே, த்ரீ நாட் த்ரீ, அதுதான். ஆளைக் கொல்வதற்கென்றே செய்தது. 1919ல் ஜாலியன்வாலா பாகில் சுட்ட 1,650 ரவைகளும் இந்த வகைத் துப்பாக்கியிலிருந்து போனவை. அதை மறக்காமலே இதன் கதையைப் படி.

1888ல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்டபோது இதன் பெயர் லீ-மெட்ஃபோர்டு. போல்ட்டும் மேகசினும் ஜேம்ஸ் பாரிஸ் லீயின் வேலை. குழலுக்குள் சுழன்று ஓடும் வரிப்பள்ளம் மெட்ஃபோர்டுடையது. அப்போது கரிமருந்துதான், சுடச்சுடக் குழலுக்குள் கரி அப்பும். கரி தங்க மூலையே இருக்கக்கூடாது என்று பள்ளத்தை ஆழமில்லாமல், விளிம்பை மழுக்கி வைத்தார் மெட்ஃபோர்டு. கெட்டிக்கார வேலை. ஆனால் சில வருஷத்திலேயே கார்டைட் என்ற புது மருந்து வந்துவிட்டது. புகை இல்லை, கரியும் குறைவு, சூடு மட்டும் ரொம்ப அதிகம். மழுங்கின வரியெல்லாம் சீக்கிரமே தேய்ந்து குழல் வழவழவென்று ஆனது. என்ஃபீல்டு தொழிற்சாலையில் விளிம்பு கூரான, ஆழமான ஐந்து பள்ளங்கள் வெட்டினார்கள். 1895ல் பெயரும் லீ-என்ஃபீல்டு ஆயிற்று.

மெட்ஃபோர்டு தப்புக் கணக்குப் போடவில்லை. அவர் கணக்குப் போட்ட மருந்து மாறிப்போனது. உங்கள் பம்பில் சீல் போகிறது என்று புகார் வந்தால் சீல் டிராயிங்கை எடுக்காதே. தண்ணீரில் மணல் கூடிவிட்டதா, மோட்டாரை மாற்றினார்களா என்று முதலில் விசாரி.

அடுத்த அடி போயர் போரில் விழுந்தது. எதிரியின் மௌசர் துப்பாக்கியில் ஐந்து தோட்டாவை ஒரு கிளிப்பில் வைத்து ஒரே அழுத்தில் உள்ளே தள்ளலாம். இவர்கள் பத்துத் தோட்டா மேகசின் வைத்திருந்தும் ஒவ்வொன்றாகத் திணித்தார்கள். கிளிப் வசதி சேர்த்து, குழலில் ஐந்து அங்குலம் வெட்டி, குதிரைப் படைக்கும் காலாட்படைக்கும் ஒரே துப்பாக்கி என்று கொண்டுவந்தார்கள். நீளம் போதாது என்று துப்பாக்கி நிபுணர்கள் கத்தினார்கள். 1907ல் இதன் மூன்றாம் மார்க், அதாவது மூன்றாவது வடிவம், வந்தது. ஆனாலும் படைக்கே இதில் திருப்தி இல்லை. மௌசர் பாணியில் முழுக்கப் புதுசாக ஒன்றைச் செய்து 1913ல் சோதனைக்கு விட்டார்கள். நீ ஆசைப்படுகிற வெள்ளைத் தாள் டிசைன் அதுதான். மறுவருஷம் உலகப் போர் வந்தது. புதுசை ஓரம் கட்டிவிட்டுப் பழையதையே தூக்கிக்கொண்டு போனார்கள்.

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1916ல் வந்தது. மூன்றாம் மார்க், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. சாதாரணமாக அந்தக் குறியைப் பார்த்தால் ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று தோன்றும். இதில் எடுத்துத்தான் இருக்கிறார்கள். சிப்பாய் மேகசினைக் காலி செய்துவிடக்கூடாதென்று அதன் வாயை மூட ஒரு தகடு இருந்தது, அது போனது. வெகுதூரத்துக்குக் கூட்டமாகச் சுட இடப்பக்கம் ஒரு குறிகாட்டி. பதுங்குகுழிச் சண்டையில் அது யாருக்கு? அதுவும் போனது. மெஷினில் ஓடும் நேரம் மிச்சம், துப்பாக்கி கூடுதலாக வெளியே வந்தது. ஒரு பார்ட்டை எடுத்துவிடலாம் என்று எழுதிக்கொடுக்க நம் தொழிலில் ஆளே கிடைப்பதில்லை. மீட்டிங்கில் காட்ட ஒன்றுமிருக்காதே!

போல்ட்டின் தலையையும் பார்த்து வை. அது தனிப் பார்ட், திருகிக் கழற்றலாம். நாளாக நாளாகத் தோட்டாவின் அடிக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே இடைவெளி கூடும்; அளவுமீறினால் தோட்டாக் கூடு கிழியும். இரண்டாம் உலகப் போரில் வந்த நான்காம் எண் துப்பாக்கிக்கு இந்தத் தலையை 0, 1, 2, 3 என்று நான்கு அளவில் செய்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட நூலிழை நீளம். படையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர் கேஜ் வைத்துப் பார்ப்பார், அடுத்த எண்ணை மாட்டுவார், வேலை முடிந்தது. தேய்மானம் எங்கே வரும் என்று முன்கூட்டியே யோசித்து, அந்த இடத்தில் சின்னதாக, மலிவாக, மாற்றக்கூடியதாக ஒன்றை வைத்தவன் எவனோ, அவனுக்கு என் வணக்கம்.

சறுக்கலும் உண்டு. காட்டுச் சண்டைக்கென்று குழலைக் குறைத்து, இரும்பை ஆங்காங்கே சுரண்டி, ஏறத்தாழ ஒரு கிலோ இளைக்க வைத்த ஐந்தாம் எண் துப்பாக்கி 1944ல் வந்தது. இன்றைக்குக் குறி சரிபார்த்து வைத்தால் நாளைக்கு வேறெங்கோ அடிக்கிறது என்றார்கள். 1947ல் உற்பத்தியை நிறுத்தினார்கள்.

1962 சீனப் போருக்குப் பிறகு நம் இஷாபூர் தொழிற்சாலை இதையே 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றியது. தோட்டாவின் அழுத்தம் கூடுதல், ஆகவே எஃகை மாற்றினார்கள், உருவம் பழையதுதான். பின்னால் வந்த ரிவிஷனில் குறிகாட்டியின் உச்ச அளவை 2,000 கெஜத்திலிருந்து 800 மீட்டர் ஆக்கினார்கள். யாரும் அந்தத் தூரத்துக்குச் சுடுவதில்லை என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள்.

உங்கள் டிராயிங்கிலும் மூலையில் ரிவிஷன் கட்டம் இருக்கும், காரணம் எழுத ஒரு பத்தியோடு. அநேகமாக அதில் ‘மேம்பாடு’ என்று மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். நீ அப்படி எழுதாதே. மணலா, மோட்டாரா, மெக்கானிக் கைக்கு எட்டவில்லையா, அதை எழுது. இந்த மாதம் நீ ரிவிஷன் போட்ட பம்பின் டிராயிங் எனக்கு வேண்டாம். சர்வீஸ் ஆட்கள் எழுதிய புகார் நோட்டு கிடைத்தால் ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்