இரண்டு தீவுகள், ஒரே தொடக்கம்



இந்தப் பாடத்தில் நம் நாட்டையும் மொரிசியஸையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மொரிசியஸ் இந்து சமுத்திரத்தில், ஆபிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள சின்னத் தீவு. அங்கே சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர் இருக்கிறார்கள்.

ஏன் மொரிசியஸ்? நம்ம பாட்டன் பூட்டன் கோப்பித் தோட்டத்துக்கு வந்த காலத்திலேயே, 1834 முதல் ஏறக்குறைய நாலரை லட்சம் இந்தியர் கரும்புத் தோட்டத்துக்கு அங்கே கப்பலேறினார்கள். அதில் தமிழரும் உண்டு. அங்கேயும் தோட்டத்துக் குடிசைதான். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் வெட்டு. தொடக்கம் ஒன்று, பிறகு பாதை பிரிந்தது. எங்கே?

முதலாவது, காணி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனித் தொழில் நெருக்கடிப்பட்டபோது அங்கிருந்த துரைமார் காணியைத் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கி, சொந்த நிலத்தில் ஊர் அமைத்தார்கள். வேலை போனாலும் வீடு போகாது என்ற தைரியம் வந்தது. இங்கேயோ லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டிக் கிடந்தன.

இரண்டாவது, வாக்கு. 1948 தேர்தலில், தமிழ் உட்பட அங்கு வழங்கும் ஏதாவதொரு மொழியில் எளிய வாக்கியங்களை எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மொரிசியஸில் வாக்குக் கிடைத்தது. அதே 1948இல் இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. அந்தப் பிரச்சினையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம்.

மூன்றாவது, படிப்பு. இலவசக் கல்வியில் இலங்கைதான் முந்தியது: 1945. மொரிசியஸில் இடைநிலைக் கல்வி இலவசமானது 1977இல். ஆனால் நம்ம தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். நல்ல திட்டம் இருந்தும் நம்ம வாசலுக்கு வர முப்பது வருஷம் ஆச்சு.

மொரிசியஸ் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அங்கேயும் பெரிய கரும்புக் காணிகள் சில கம்பனிகளிடமே இருக்கின்றன. ஆனாலும் கூலிக்காரர் பிள்ளைகள் ஆசிரியராக, டாக்டராக, பிரதமராகவே ஆனார்கள். சம்பளம் மட்டும் அதைச் செய்யவில்லை. காணியும் வாக்கும் படிப்பும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் காரணம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்:

1. நாம் இருக்கும் வீட்டுக்கு என்ன பத்திரம் இருக்கிறது? யார் பெயரில்?

2. பதினெட்டு வயதான எல்லோருடைய பெயரும் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா?

3. பாடசாலையை விட்ட பிள்ளை யாராவது உண்டா? திரும்ப அனுப்ப என்ன வழி?