விமானப் பயணமும் நமது பெட்டியும்

ஒரு காலத்தில் தமிழகம் சென்றுவர நம்மவர்க்குக் கப்பலே துணையாக இருந்தது. ‘ரஜுலா’, ‘எம்.வி. சிதம்பரம்’ ஆகிய கப்பல்களின் பெயர்களைத் தோட்டத்து மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். தகரப் பெட்டி, மூட்டை, கூடை என அக்கப்பல்களில் தாராளமாக ஏற்றிச் சென்றனர். 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ கப்பலில் தீப்பற்றியபின் அப்பயணம் முடிவுக்கு வந்தது. அதன்பின் விமானமே நமக்கு வழியாயிற்று.

வழி மாறினும், பெட்டி கட்டும் பழக்கம் பலரிடம் மாறவில்லை. குலதெய்வத்திற்குக் கற்பூரம், உறவினருக்குக் கொப்பரை, தோட்டத்தில் பயன்படுத்திய கத்தி என எல்லாம் ஒரே பெட்டியில் அடைபடுகின்றன. வீட்டில் இருக்கும்வரை இப்பொருள்களால் பெருந்தீங்கு இல்லை. விமானத்தில் ஏறியதும் அவை ஏன் ஆபத்தாகின்றன என்பதை அறிந்துகொண்டால், தடைப்பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது.

தடைக்குக் காரணம்

விமான நிலையத்தில் நாம் ஒப்படைக்கும் பெட்டி, பயணிகளின் காலடியில் உள்ள சரக்கறைக்குச் செல்கிறது. பெரிய விமானங்கள் பலவற்றில், பறக்கும்போது எவரும் அவ்வறைக்குள் சென்று தீயை அணைக்க இயலாது. தீயடக்கும் வாயு அங்கு உண்டெனினும், எல்லா வகைத் தீயையும் அது அடக்கிவிடாது.

1996 மே 11 அன்று அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து வேலுஜெட் விமானம் ஒன்று புறப்பட்டது. அதன் சரக்கறையில், ஏற்றக்கூடாத உயிர்வளிக் கலன்கள் முறைகேடாக ஏற்றப்பட்டிருந்தன. ஆபத்து வேளையில் பயணிகள் மூச்சுவிட உதவுவதற்கென்றே செய்யப்பட்ட அக்கலன்களிலிருந்து எழுந்த தீ, சில நிமிடங்களில் விமானத்தை வீழ்த்தியது. அதிலிருந்த 110 பேரும் மாண்டனர். ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதைவிட, அது எங்கே, எவ்வாறு வைக்கப்படுகிறது என்பதே முக்கியம் என்பதற்கு இஃது ஒரு கசப்பான சான்று.

காற்றழுத்தமும் கருதத்தக்கது. கேமரன் மலைக்குச் செல்லும்போது முறுக்குப் பொட்டலம் தானே உப்புவதை நாம் கண்டிருப்போம். மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதே அதற்குக் காரணம். பறக்கும் விமானத்தின் உள்ளேயும், ஏறத்தாழ 2,400 மீட்டர் வரை உயர்ந்த மலையில் இருக்கும் அளவுக்கு அழுத்தம் குறையக்கூடும். மூடி தளர்ந்த புட்டியிலிருந்து திரவம் கசிய இது போதும்.

அறவே கூடாதவை

பெட்ரோல், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயுக் கலன், பட்டாசு, மத்தாப்பு ஆகியவற்றைப் பெட்டியிலும் கைப்பையிலும் வைத்தல் கூடாது. களைக்கொல்லியும், பால் உறையச் சேர்க்கும் ஃபார்மிக் அமிலமும் அவ்வாறே. அமிலம் கசிந்தால் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும், உலோகத்தையும் அரிக்கும்.

கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள். காய்ந்த கொப்பரையோ எண்ணெய்ச் சத்து மிகுந்தது. தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் வரிசையில் அதனைப் பன்னாட்டு விதி சேர்த்துள்ளது. தமிழகக் கோயில் வாயிலிலேயே கற்பூரம் கிடைக்கும்போது, அதனை இங்கிருந்து சுமந்து செல்வானேன்?

தீப்பெட்டி அல்லது லைட்டர் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளப் பன்னாட்டு விதி இடமளிக்கிறது. பெட்டியில் வைக்க இடமளிப்பதில்லை. சில நாடுகள் சட்டைப்பையிலும் அனுமதிப்பதில்லை. ஆதலால் இரண்டையும் வீட்டிலேயே விட்டுச் செல்வது நலம்.

பெட்டியில் வைக்க வேண்டியவை

பால்மரம் சீவும் கத்தி, அரிவாள்மனை, காய்கறிக் கத்தி போன்ற கூரிய பொருள்களைக் கைப்பையில் வைத்தல் கூடாது. அவற்றின் முனையை நன்கு சுற்றிக்கட்டி, ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும்.

2006ஆம் ஆண்டில் இலண்டனில் திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி கண்டுபிடிக்கப்பட்டபின், பன்னாட்டுப் பயணங்களில் திரவங்களுக்கு வரம்பு வந்தது. கைப்பையில் ஒவ்வொரு புட்டியும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது. எல்லாப் புட்டிகளும் ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். புதிய கருவிகள் வந்த சில விமான நிலையங்களில் இவ்விதி தளர்ந்துள்ளது. எனினும், திரும்பும் வழியில் வேறு நிலையத்தைக் கடக்க நேரிடலாம் என்பதால், பழைய வரம்பைப் பின்பற்றுவதே பாதுகாப்பு. நெய், தயிர், ஊறுகாய், சம்பல் ஆகியனவும் இக்கணக்கில் சேரும். பயணத்தின்போது தேவைப்படும் மருந்துக்கும் குழந்தைக்கான பாலுக்கும் விலக்கு உண்டு. மருத்துவரின் சீட்டை உடன் வைத்திருக்க வேண்டும்.

கையோடு கொண்டுசெல்ல வேண்டியவை

கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் ‘பவர் பேங்க்’ கருவிக்கு விதி நேர்மாறானது. அதனை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது. அதிலுள்ள லித்தியம் மின்கலம் பழுதுற்றால் தானே கொதித்து எரியும். சரக்கறையில் உள்ள வாயு அதனை முற்றாக அடக்காது. கையருகே இருந்தால், பணியாளர் கண்டு உடனே செயற்பட முடியும்.

2025 சனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் தீப்பற்றி எரிந்தது. தலைக்கு மேலுள்ள பேழையில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என விசாரணையாளர் கருதினர். விமானம் தரையில் நின்றதால் அனைவரும் உயிர் தப்பினர். மலேசியா ஏர்லைன்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகியவை 2025 ஏப்ரல் 1 முதல், பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தன.

இதன் ஆற்றல் வரம்பு 100 வாட்-மணி. கணக்கு எளிது: கருவியில் அச்சிட்டுள்ள மில்லியாம்பியர்-மணி அளவை 1,000ஆல் வகுத்து, 3.7ஆல் பெருக்க வேண்டும். 20,000 என்று இருப்பின் 74 வாட்-மணி, ஏற்கப்படும். 30,000 என்று இருப்பின் 111; விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. 160க்கு மேற்பட்டது அறவே கூடாது.

செடியும் மண்ணும்

ஊரிலிருந்து மல்லிகைக் கன்றையும், விதையையும், கோயில் மண்ணையும் அன்போடு கொண்டு வருவோர் உளர். உரிய அனுமதியின்றி இவற்றைக் கொண்டுவருதல் குற்றம். மலேசியாவில் 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் இதற்கென உள்ளது.

இதன் காரணத்தை ரப்பர்த் தொழிலாளர்க்கு விளக்கத் தேவையில்லை. ஹென்றி ஃபோர்டு 1928இல் பிரேசிலில் தொடங்கிய ஃபோர்டுலாந்தியா தோட்டம் வீழ்ந்ததற்குத் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் ஒரு பெருங்காரணம். கண்ணுக்குப் புலப்படாத பூசண வித்துக்களால் பரவும் நோய் அது. அத்தகைய நோய் ஒன்று பெட்டிக்குள் ஒளிந்து வந்தால், ஒரு குடும்பத்தின் அன்பளிப்பு ஆயிரம் குடும்பங்களின் பிழைப்பைக் கெடுத்துவிடும்.

பிறர் தரும் பொட்டலம்

மேற்கூறியவற்றை மறந்து எடுத்துச் சென்றால், பெரும்பாலும் பொருள் பறிபோகும். பிறர் தந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தாலோ வாழ்வே பறிபோகலாம்.

மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, ஒருவரது பொறுப்பில் உள்ள பையில் அப்பொருள் இருந்தால், அதனை அவர் அறிந்தே வைத்திருந்தார் என்று சட்டம் கருதும். அறியேன் என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டும். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டது எனினும், கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு இன்னும் உண்டு. “ஊரில் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார், இதை மட்டும் கொண்டுபோங்கள், அக்கா” என்று கேட்பவர் தெரிந்தவராயினும், உள்ளிருப்பதைப் பிரித்துப் பார்க்க இசையாவிடில் மறுத்துவிட வேண்டும். அவ்வாறு மறுப்பது பண்புக் குறைவன்று.

நினைவில் கொள்வோம்

1. நம் பெட்டியை நாமே அடுக்குவோம். அடுக்கியபின் பிறரிடம் விட்டுச் செல்லோம்.
2. எரிவது, வெடிப்பது, அரிப்பது, நஞ்சாவது ஆகியவற்றை வீட்டிலேயே விடுவோம்.
3. கூரியது பெட்டியில், பவர் பேங்க் கையில்.
4. ஐயம் எழுந்தால், பயணத்திற்கு முன்பே விமான நிறுவனத்தைக் கேட்போம்.

பெட்டி கட்டும் முன்னிரவில் வீட்டிலுள்ள பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி, இந்நான்கையும் அவர்களைக் கொண்டே படிக்கச் செய்வோமாக.