ஏழு நாளுக்கு மூன்று ஊர் போதும்

அன்புள்ள யாழினிக்கு,

உன் நார்மண்டிப் பயணத் திட்டத்தைப் படித்தேன். ஏழு நாளில் ஒன்பது ஊர், ஒவ்வொரு ராத்திரியும் ஒரு புது ஹோட்டல் என்று போட்டிருக்கிறாய். அப்படிப் போனால் நெடுஞ்சாலையைத்தான் பார்ப்பாய் அம்மா. மூன்றே இடத்தில் தங்கு: ஓன்ஃப்ளரில் 2 இரவு, பாயோவில் 3 இரவு, மோன் சான் மிஷலுக்குப் பக்கத்தில் 1 இரவு. உன் பட்டியலில் உள்ள பிரெஸ்ட், கர்னாக் இரண்டையும் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

வாடகைக் கார் எடுக்கும்போது ஆட்டோமேட்டிக் வேண்டுமென்று கேட்டு வாங்கு. இல்லாவிட்டால் கியர் வண்டிதான் கிடைக்கும். பாரீஸிலிருந்து போகும் ஏ13 சாலையில் இப்போது சுங்கச்சாவடிகள் கிடையாது, ஆனால் கட்டணம் உண்டு. பயணம் செய்த 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பணம் கட்டிவிடு, இல்லையென்றால் அபராதம். கிராமத்துச் சந்திகளில் வேறு பலகை இல்லையென்றால் வலப்பக்கம் வருகிற வண்டிக்கே முதல் உரிமை.

வழியில் ரூவானில் இறங்கு. 1431இல் ஜோன் ஆஃப் ஆர்க்கை எரித்த சந்தைத் திடலும், மோனே திரும்பத் திரும்ப வரைந்த பேராலயமும் அங்கே நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன. ஓன்ஃப்ளரில் சான்த் கத்ரீன் தேவாலயத்துக்குள் போய் அண்ணாந்து பார். கப்பல் தச்சர்கள் மரத்தால் கட்டியது. கூரை இரண்டு படகுகளைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும்.

பாயோவுக்கு மூன்று இரவு சொன்னது 1944 ஜூன் 6ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் இறங்கிய கடற்கரைகளுக்காக. ஆரோமான்ஷுக்குக் கடல் வற்றும் நேரத்தில் போ. அன்று மிதக்கவிட்டு இழுத்துவந்த செயற்கைத் துறைமுகத்தின் கான்கிரீட் பெட்டிகள் சில பாசி பிடித்து மணலில் கிடக்கும். கிட்டே போய் நின்று பார்க்கலாம்.

கொல்வில்லில் அமெரிக்க வீரர்களின் கல்லறைகள் 9,300க்கும் மேல். எல்லாம் வெள்ளைப் பளிங்கு, வரிசை பிசகாது. அன்றைக்கே லா காம்புக்கும் போ. அங்கே 21,000க்கும் மேற்பட்ட ஜெர்மானியர் கிடக்கிறார்கள். புல்லோடு புல்லாகப் பதித்த கற்கள், ஐந்தைந்தாகக் குட்டையான கருஞ்சிலுவைகள். கற்களில் உள்ள பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் படி. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் பலர். வென்றவர் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதே.

பாயோவின் புகழ்பெற்ற 70 மீட்டர் நீளப் பூத்தையல் துணி இருந்த அருங்காட்சியகத்தைப் புதுப்பிப்பதற்காக 2025 செப்டம்பரில் மூடினார்கள். திறந்தாயிற்றா என்று விசாரித்துக்கொள்.

மோன் சான் மிஷலில் காரைக் கரையிலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸிலோ நடந்தோ போக வேண்டும். பெரிய ஏற்றத்தின்போது கடல் 14 மீட்டர் வரை உயரும். புதைமணலும் உண்டு; வழிகாட்டி இல்லாமல் மணலில் கால் வைக்காதே.

ஆகவே முதலில் கடல் ஏறி வற்றும் அட்டவணையைப் பார், அதற்கேற்ப நாட்களை அமை, அப்புறம் அறை பதிவு செய். திருத்திய திட்டத்தை எனக்கு அனுப்பி வை.

அன்புடன்,
பெரியப்பா