சிறு டிராக்டர்: குதிரைத்திறன் மட்டும் போதுமா?

2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவருக்குரிய நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. இத்தகைய சிறு நிலங்களிலும், தென்னை, கரும்பு போன்றவற்றின் வரிசைகளுக்கு இடையிலும் உழுவதற்கென்றே சிறு டிராக்டர்கள் செய்யப்படுகின்றன. நகையை அடகு வைத்தும், கடன் வாங்கியும் இவற்றை வாங்குவோர் பலர். தேர்வு பிழையானால் வேலை நடக்காது. கடன் மட்டும் நிற்கும். ஆகவே மாணவர்களே, நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியல் இங்கே எவ்வாறு உதவும் என்று பார்ப்போம்.

திறனும் விசையும்

கடையில் முதலில் சொல்லப்படும் எண் குதிரைத்திறன். 1 குதிரைத்திறன் என்பது 746 வாட். எனவே 20 குதிரைத்திறன் எஞ்சின் 14,920 வாட் திறன் தரும். பல்சக்கரங்களில் இழப்பு போக, இதில் 10,000 வாட் இழுப்பதற்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். உழும்போது வேகம் மணிக்கு 4 கி.மீ., அதாவது வினாடிக்கு 1.11 மீட்டர். திறன் = விசை × வேகம். ஆகவே இழுவிசை சுமார் 9,000 நியூட்டன். ஏறக்குறைய 920 கிலோ எடைக்குச் சமம்.

ஆனால் அந்த டிராக்டரின் எடையே 800 கிலோதான் என்றால்? தன் எடையைவிட மிகுதியான விசையுடன் அது கலப்பையை இழுக்குமா?

மண் தரும் பிடிப்பு

இழுக்காது. சேற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குக் காரணம் தெரியும். காலில் வலிமை இருந்தும் பின்சக்கரம் வழுக்கிச் சுழலும், வண்டி நகராது. மண்ணுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடிப்பே இழுவிசையின் எல்லை. இந்தப் பிடிப்பு, எஞ்சின் ஓட்டும் சக்கரங்களின் மேல் அழுந்தும் எடையைப் பொறுத்தது. நம் நிலத்தில் அந்த எடையில் பாதியளவு இழுவிசை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது 800 கிலோ எடையுள்ள இரு டிராக்டர்களை ஒப்பிடுவோம். 'அ' என்பது 20 குதிரைத்திறன். பின்சக்கரங்கள் மட்டும் ஓட்டப்படுபவை. அவற்றின் மேல் 500 கிலோ அழுந்துகிறது. 'ஆ' என்பது 18 குதிரைத்திறன். நான்கு சக்கரங்களும் ஓட்டப்படுபவை. 'அ' தருவது 250 கிலோ இழுவிசை. 'ஆ' தருவது 400 கிலோ. (இழுக்கும்போது முன்பக்க எடையில் ஒரு பகுதி பின்னால் மாறுவதால் 'அ'வுக்கு இன்னும் கொஞ்சம் கிடைக்கும், எனினும் 'ஆ'வை எட்டாது.) 400 கிலோ என்பது 3,920 நியூட்டன். அதை 1.11ஆல் பெருக்கினால் சுமார் 4,350 வாட். 6 குதிரைத்திறனுக்கும் குறைவு! அந்த மண்ணில் கலப்பை இழுக்க எஞ்சினின் மீதித் திறன் பயன்படுவதில்லை. இங்கே குறைந்த குதிரைத்திறன் உள்ள வண்டியே மேலானது.

சுழலும் கருவிகள்

ஆனால் ரோட்டவேட்டருக்குக் கணக்கு வேறு. எஞ்சினின் திறன் பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டு வழியாக நேரே கத்திகளுக்குச் செல்கிறது. அவை மண்ணை வெட்டும்போது வண்டியையும் முன்னோக்கித் தள்ளுகின்றன. ஆகவே சக்கரங்கள் அதிகம் இழுக்க வேண்டியதில்லை. இங்கே எஞ்சினின் எண்ணை விட்டுவிட்டு, பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் திறனையே ஒப்பிட வேண்டும். இவ்வேலையில் 'அ' முந்தக்கூடும்.

நெல் வயலில் சேறடிக்கும்போதோ, எடை மிகுந்த வண்டி புதையும். அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுத்தது. பரப்பைக் கூட்டிப் பிடிப்பும் தருவதற்காகவே இரும்புக் கேஜ் வீல்களை மாட்டுகிறார்கள்.

முன்சக்கரம் எழும்பினால்

விலைத்தாளில் '750 கிலோ தூக்கும்' என்று இருக்கலாம். அது ஹைட்ராலிக் அமைப்பின் வலிமையை மட்டுமே குறிக்கிறது. டிராக்டரை ஒரு நெம்புகோலாக எண்ணுங்கள். பின் அச்சு அதன் ஆதாரம். 'அ'வின் முன்சக்கரங்களில் 300 கிலோ அழுந்துகிறது. இரு அச்சுகளுக்கும் இடையே 1.5 மீட்டர். திருப்புத்திறன் 300 × 1.5 = 450. பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 200 கிலோ கருவி தொங்கினால் எதிர்த்திருப்புத்திறன் 200. மீதி 250. அதை 1.5ஆல் வகுத்தால் முன்சக்கரங்களில் எஞ்சுவது 167 கிலோ. வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 160 கிலோவாவது, முன்னால் இருந்தால்தான் ஸ்டியரிங் கட்டுப்படும். அதே இடத்தில் 450 கிலோவுக்கு மேல் தொங்கவிட்டால் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும். வரப்பு ஏறும்போது அதற்கும் குறைந்த சுமையிலேயே எழும். வண்டி பின்புறமாகக் கவிழ்ந்தால் ஓட்டுபவர் அடியில் சிக்குவார்.

எண்களை எங்கே பெறுவது?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்ற உழவர், விளம்பரத்தை நம்பி வாங்கிய டிராக்டரால் துன்பப்பட்டார். சட்டமன்ற உறுப்பினரான அவரது முயற்சியால், பல்கலைக்கழகம் சோதிக்காத டிராக்டரை அங்கே விற்கக் கூடாது என்று 1919இல் சட்டம் வந்தது. 1920இல் சோதனைகள் தொடங்கின. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்திலுள்ள புத்னியில், மத்திய அரசின் வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இப்பணியைச் செய்கிறது. அதன் அறிக்கையில் இழுவிசை, பி.டி.ஓ. திறன், எரிபொருள் செலவு, எடை ஆகியவை அளந்து தரப்படுகின்றன. விற்பவரிடம் அந்த அறிக்கையைக் கேட்க வேண்டும். கூடுதல் எடை ஏற்றி அளந்த இழுவிசையா, ஏற்றாமல் அளந்ததா என்பதையும் அதில் பார்க்க வேண்டும்.

முதலில் வேலை எது என்று முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகே எந்த எண்ணை ஒப்பிடுவது என்பது தெரியும்.

செய்து பாருங்கள்: 'அ'வில் 200 கிலோவுக்குப் பதிலாக 300 கிலோ கருவியை அதே இடத்தில் மாட்டினால் முன்சக்கரங்களில் எவ்வளவு எஞ்சும்? அதை 160 கிலோவாக உயர்த்த, பின் அச்சிலிருந்து 2 மீட்டர் முன்னால் எத்தனை கிலோ எடை வைக்க வேண்டும்?

(விடை: 100 கிலோ எஞ்சும், 45 கிலோ வைக்க வேண்டும்.)