பேஸ் கிட்டார் காம்போவில் நல்ல டோன்: கையில் இருக்கும் ஆம்ப்பை வைத்தே

"ரூமே அதிருது, ஆனா என்ன நோட்டுன்னு கேக்கவே மாட்டேங்குது." சின்ன காம்போ ஆம்ப்பில் பேஸ் வாசிப்பவர்கள் பலரும் சொல்லும் குறை இது. வீட்டில் பழகுகிறவரோ, ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிறவரோ, மெல்லிசைக் குழுவோடு ஊர் ஊராகப் போகிறவரோ, யாராக இருந்தாலும் இதற்காக உடனே புது ஆம்ப் தேட வேண்டியதில்லை. ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் காம்போவில், குமிழ்களைச் சரியாக வைத்தாலே பாதி குறை தீரும். எனக்குப் பெரிய நம்பிக்கை நடு ஒலிகளுக்கான மிட் குமிழின் மேல். 4, 5 ஆகிய இரண்டு குறிப்புகளையும் ஆம்ப்பின் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

1. முதலில் பேஸ், மிட், ட்ரெபிள் என்று எல்லா ஈக்யூ குமிழ்களையும் 12 மணி நிலையில் வையுங்கள். ‘டீப்’, ‘பிரைட்’, ‘ஷேப்’ என்று பெயர் எழுதிய பொத்தான்கள் இருந்தால் அணைத்துவிடுங்கள். கிட்டாரில் உள்ள வால்யூம், டோன் இரண்டும் முழுதாகத் திறந்திருக்கட்டும். ஆம்ப்பின் இயல்பான குரலைக் கேட்டுவிட்டு அதன் பிறகு திருத்துங்கள். இன்றைய ஆம்ப்புகள் பலவற்றில், 1952-இல் பீட்டர் பாக்ஸண்டால் வெளியிட்ட டோன் சுற்றின் வழிவந்த அமைப்பு இருக்கிறது. அதில் குமிழ் நடுவில் இருந்தால் எதுவும் கூடாது, குறையாது. பழைய ஃபெண்டர் வகைச் சுற்று அப்படி இல்லை. நடுவில் வைத்தாலே அதில் மிட் பள்ளமாக இருக்கும். பேஸையும் ட்ரெபிளையும் நன்றாகக் குறைத்து மிட்டை முழுதாகத் திறந்தால்தான் சமநிலைக்குக் கிட்டே வரும்.

2. கெயின் வைக்கும்போது மாஸ்டர் வால்யூம் குறைவாக இருக்கட்டும். கச்சேரியில் எவ்வளவு பலமாக அடிப்பீர்களோ அவ்வளவு பலமாக வாசித்தபடி கெயினை ஏற்றுங்கள். சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியதும் கொஞ்சம் இறக்குங்கள். அதன் பிறகு சத்தம் கூட வேண்டுமானால் மாஸ்டரைத் தொடுங்கள். கெயின் குறைவாகவும் மாஸ்டர் முழுதாகவும் இருந்தால் இரைச்சல்தான் மிஞ்சும். ஈக்யூவில் எதையாவது நிறையக் கூட்டினால் கெயினை மறுபடி சரிபாருங்கள்.

3. கிட்டாருக்குள் 9 வோல்ட் பேட்டரி இருந்தால் அது ஆக்டிவ். ‘ஆக்டிவ்’ என்று எழுதிய இன்புட்டிலோ, ‘பேட்’ பொத்தானை அழுத்தியோ வாசியுங்கள். வாசித்து முடித்ததும் கிட்டாரிலிருந்து கேபிளைக் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். ஒலி திடீரென்று கரகரத்து உடைந்தால் ஆம்ப்பைச் சந்தேகிப்பதற்கு முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

4. பேஸ் கேட்கவில்லை என்றால் பேஸ் குமிழைத் தொடாதீர்கள், மிட்டைக் கூட்டுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு கம்பி பேஸில் தடித்த ஈ கம்பியைத் திறந்து வாசித்தால் அதன் அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஏ கம்பிக்கு 55, டி கம்பிக்கு 73, ஜி கம்பிக்கு 98. எட்டு அங்குல, பத்து அங்குல ஸ்பீக்கர் உள்ள சின்னப் பெட்டியால் 41 ஹெர்ட்ஸைத் தெம்பாகத் தர முடியாது. அதிலிருந்து நமக்கு வருவது அதன் மடங்குகளான 82, 123, 164 ஹெர்ட்ஸ் ஒலிகள்தான். அவற்றைக் கேட்டதும் அடியில் இருக்க வேண்டிய நோட்டை மூளை தானே ஊகித்துக்கொள்கிறது. பேஸ் குமிழை முறுக்கினால் ஸ்பீக்கர் கூம்பு வீணாக முன்னும் பின்னும் துள்ளும், வாட் கரையும், நோட்டு மட்டும் தெளியாது.

80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை பேஸின் உடம்பு. 200, 300 பக்கம் அதிகமானால் ஒலி மந்தமாகிச் சொத சொத என்றாகும். 400 முதல் 800 வரைதான் நோட்டின் முகம்; உறுமல் என்று வாசிப்பவர்கள் சொல்வது இங்கேதான். 1000-க்கு மேல் விரல் கம்பியில் படும் சத்தம், 3000-க்கு மேல் ஃப்ரெட்டில் கம்பி தட்டும் சத்தம். உங்கள் ஆம்ப்பில் மிட்டுக்கு இரண்டு குமிழ்கள், அதாவது அளவுக்கு ஒன்றும் அதிர்வெண்ணுக்கு ஒன்றும் இருந்தால் அது பெரிய வசதி. அளவை நன்றாகக் கூட்டிவைத்து, வாசித்துக்கொண்டே அதிர்வெண் குமிழை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் நோட்டு எழுந்து முன்னால் வரும். அங்கே நிறுத்தி அளவைப் பாதியாகக் குறையுங்கள். இன்னோரிடத்தில் காதை அடைக்கும். அந்த இடத்தில் அளவை 12 மணிக்குக் கீழே இறக்கினால் மந்தம் விலகும்.

மடங்கு ஒலிகளாலேயே நோட்டு புரியும் என்பதற்குச் சான்று வேண்டுமானால் 1980-களின் இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸைக் கேளுங்கள். பாட்டின் கூடவே இன்னொரு மெட்டாக ஓடும் அந்த பேஸ், அடியொலி என்று சொல்லத் தக்க எதுவும் வராத கையடக்க டிரான்சிஸ்டரிலும் நோட்டு நோட்டாகப் புரிந்தது. புரியவைத்தவை அந்த மடங்கு ஒலிகள்.

5. தனியாக வாசிக்கும்போது மயக்கும் டோனை நம்பாதீர்கள். பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டைக் குழியாக்கினால் கடையில் வாசித்துப் பார்க்கும்போது பிரமாதமாக இருக்கும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் காணாமல் போகும். கீழே கிக் டிரம் இருக்கிறது, மேலே சிம்பலும் கிட்டாரும் இருக்கின்றன. நடுவைக் காலி செய்துவிட்டால் பேஸுக்கு இடம் எங்கே? ரிகர்சலில் எல்லோரும் வாசிக்கும்போது ஈக்யூ வையுங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கால் பேசுவது போலத் தோன்றும் டோன், குழுவுக்குள் சரியாக உட்காரும். கீபோர்டுகாரரின் இடது கை உங்கள் எல்லைக்குள்ளேயே உலாவினால் தயங்காமல் கேளுங்கள்: "அண்ணே, லெஃப்ட் ஹேண்டைக் கொஞ்சம் மேல ஏத்தி வாசிங்களேன்." எந்தக் குமிழும் செய்யாத வேலையை இந்த ஒரு வாக்கியம் செய்யும்.

6. வீட்டில் வைத்த ஈக்யூவை மேடைக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடியொலி குறைவாகவே கேட்கும். 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். அதனால் இரவில் மெல்ல வாசிக்கும்போது பேஸைக் கொஞ்சம் கூட்டுவது நியாயம். மேடையில் சத்தம் ஏறியதும் அதே அமைப்பு குமுறும். வாசிக்கப்போகும் சத்தத்திலேயே வைத்துப் பாருங்கள்.

7. ஆம்ப்பை வைக்கும் இடமும் ஒரு டோன் குமிழ்தான். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடியொலியைப் பெருக்கும். ஆம்ப்புக்குத் தெம்பு போதாதபோது அது உதவி. மந்தமாக இருக்கும்போது உபத்திரவம். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை மட்டும் எட்டு மீட்டருக்கு மேல் நீளம். நம் அறைகள் பலவும் அதைவிடச் சிறியவை என்பதால் அறைக்குள் ஓரிடத்தில் ஒரு நோட்டு இடிபோல் விழும், இரண்டடி தள்ளினால் அதே நோட்டு இருக்காது. சுவரிலிருந்து ஓரடி, இரண்டடி என்று நகர்த்திக் கேளுங்கள். கேபிள் எட்டும் தூரம்வரை நீங்களும் நடந்து கேளுங்கள்.

உயரமும் முக்கியம். தரையில் இருக்கும் காம்போ உங்கள் முழங்காலுக்குத்தான் பாடுகிறது. நின்று வாசிப்பவருக்கு மேல் ஒலி எட்டாததால் ட்ரெபிளை ஏற்றிவிடுவார். முன்வரிசையில் இருப்பவர் காது வலிக்கும். அசையாத ஒரு பலமான நாற்காலியின் மேல் வையுங்கள், அல்லது சாய்த்து வைக்கும் வசதி இருந்தால் சாய்த்து வையுங்கள். உள்ளே பொள்ளலான பலகை மேடைகளில் ஆம்ப்பைத் தரையிலிருந்து தூக்கினாலே பாதிக் குமுறல் அடங்கும்.

8. அறையில் எது அதிர்கிறது என்று கண்டுபிடிக்க ஈ கம்பியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெல்ல ஏறுங்கள். ஏதோ ஒரு நோட்டில் ஷோகேஸ் கண்ணாடியோ, பரணில் இருக்கும் பாத்திரமோ, ஜன்னல் கொக்கியோ குரல் கொடுக்கும். அறை அமைதியாக இருந்தும் அதிர்வு கேட்டால் ஆம்ப்பின் கைப்பிடி, முன்வலை, ஸ்பீக்கர் திருகுகளைப் பாருங்கள். அதிர்விலேயே அவை தளர்ந்துவிடும். இறுக்கினால் போதும், மிகையாக முறுக்க வேண்டாம்.

9. டோனின் முதல் குமிழ் வலது கை. பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் ஒலி இறுகித் தெளியும், கழுத்துப் பக்கம் போகப் போக உருண்டு தடிக்கும். பலமாக இழுப்பதை விட்டு, ஆம்ப்பைச் சற்றுக் கூட்டி மென்மையாக வாசித்துப் பாருங்கள். நோட்டு நீண்டு நிற்கும், வேண்டிய இடத்தில் அழுத்தம் கொடுக்கவும் கை மிச்சமிருக்கும். 1960-களில் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே வாசித்தவர்.

10. கம்பி. ஜேமர்சன் பயன்படுத்தியது வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி. அந்த இருண்ட, மரத்தன்மையான ஒலி பிடித்தால் அதையே போடுங்கள், பழசாகப் பழசாக இனிக்கும். பளீரென்ற ஒலிக்கு ரவுண்ட்வவுண்ட். அதன் சுற்றுகளுக்குள் வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால் செத்துவிடும். நம் ஊர் வெக்கையில் இது சீக்கிரமே நடக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால், கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். செத்த ரவுண்ட்வவுண்ட் கம்பியைக் கழற்றிச் சுருட்டி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி மாட்டினால் கொஞ்ச நாளுக்கு உயிர் வரும். இதற்கென்று பழைய பாத்திரம் ஒன்றை ஒதுக்குங்கள்.

11. ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு பிக்கப்பையும் ஒரே அளவில் திறந்தால் ‘ம்ம்’ என்ற இரைச்சல் அடங்கும், ஆனால் மிட் சற்று உள்வாங்கும். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைக் கொஞ்சம் குறைத்தால் பேசும் தன்மை வரும். ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஒலிக்கு அடித்தளம் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்தான்.

12. ட்வீட்டருக்குத் தனிக் குமிழ் இருந்தால் பாதிக்குக் கீழே வையுங்கள். ஸ்லாப் வாசிக்காதவர்கள் முழுதாக அணைத்தாலும் இழப்பில்லை. டிஸ்டார்ஷன் போடும்போது கட்டாயம் அணையுங்கள்.

13. ‘ம்ம்’ இரைச்சல் நிற்க வேண்டும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் கழற்றாதீர்கள். கம்பியில் ஒரு கையும் மைக்கில் வாயுமாக நிற்பவரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது. ஆம்ப்பையும் மிக்சரையும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்து ஓட்டிப் பாருங்கள். மிக்சருக்கு நேராகச் சிக்னல் அனுப்பும் டி.ஐ. வெளியீட்டின் பக்கத்தில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ பொத்தான் இருந்தால் அதை அழுத்தலாம், அது ஆபத்தில்லாதது. ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர், மொபைல் சார்ஜர் ஆகியவற்றை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

14. சவுண்ட்காரருக்கு டி.ஐ. கொடுக்கும்போது ‘ப்ரீ ஈக்யூ’ நிலையில் கொடுங்கள். அப்போது மேடையில் உங்கள் காதுக்காக நீங்கள் திருகுவது அரங்கத்தின் ஒலியைக் கெடுக்காது.

15. வாட் கணக்கு பலரை ஏமாற்றுகிறது. 15 வாட்டை 30 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான்; கேட்டால் ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று தோன்றும். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்க 30 வாட் திணறும். 150-இலிருந்து 300 வாட்வரை உள்ளதைப் பாருங்கள். வெளி ஸ்பீக்கர் சேர்ப்பதாக இருந்தால் பின்பக்கம் எழுதியிருக்கும் ஓம் அளவைப் படியுங்கள். 8 ஓமோடு இணையாக 8 ஓம் சேர்ந்தால் 4 ஓம். அதற்குக் கீழே இறங்க எல்லா ஆம்ப்பும் தாங்காது. வெளி ஸ்பீக்கரை இணைக்க ஸ்பீக்கர் கேபிளே வேண்டும், கிட்டார் கேபிள் உதவாது.

16. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப்பாக இருந்தால், பிளக் செருகுமுன் பின்பக்கத்தில் வோல்ட் அளவைப் பாருங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230. மாற்றும் சுவிட்ச் இல்லையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அதன் வாட் அளவு ஆம்ப் இழுக்கும் மின்சாரத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும்.

17. கடற்கரை ஊர்களில் ஜாக்கும் குமிழும் சீக்கிரம் கரகரக்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டு ஒவ்வொரு குமிழையும் இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை பலமுறை திருப்புங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும். ஆம்ப்பைத் திறக்கும் வேலை மெக்கானிக்குடையது. வால்வு ஆம்ப்பானால், அணைத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

18. அடுக்குமாடியில் இரவுப் பயிற்சிக்கு ஹெட்ஃபோன்தான் நல்லது. அடியொலி சுவர் வழியாகவும் தரை வழியாகவும் கீழ்வீட்டுக்குப் போகும். பகலில் வாசிக்கும்போதும் ஆம்ப்பின் அடியில் கனமான ஃபோம் ஒன்றைப் போட்டுவையுங்கள்.

19. நல்ல டோன் கிடைத்த உடனே குமிழ்களை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடம், எந்த கிட்டார், ஆம்ப் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் குறித்துவையுங்கள். அடுத்த முறை அதே அரங்கத்தில் தொடங்கவேண்டிய இடம் அதுவாக இருக்கும். கூட்டம் வந்து உட்கார்ந்ததும் ஒலி மாறும். முதல் பாட்டிலேயே மறுபடி காதைத் தீட்டிக் கேட்டு, முதலில் மிட்டையும் பிறகு மாஸ்டரையும் தொடுங்கள்.