வீட்டு அலுவலகத்துக்கு வயர்லெஸ் பிரிண்டர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அச்சடிப்பது, நகலெடுப்பது, ஸ்கேன் செய்வது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி, வைஃபை வழியாக ஏவலை வாங்கிக்கொள்ளும் கருவி வயர்லெஸ் ஆல்-இன்-ஒன் பிரிண்டர். 2020 மார்ச் 18இல் மலேசியாவில் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது கிள்ளான் பள்ளத்தாக்கில் அலுவலகமும் பள்ளிக்கூடமும் வீட்டுக்குள் வந்தன. ஆணை போய்விட்டது, வீட்டு அலுவலகம் பல குடும்பங்களில் தங்கிவிட்டது. கிள்ளானில் டியூஷன் நடத்தும் ஆசிரியருக்கும், பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுபவருக்கும், வீட்டிலிருந்தே கேட்டரிங் ஆர்டர் எடுப்பவருக்கும் பிரிண்டர் தேவைதான். ஆனால் மூவருக்கும் ஒரே பிரிண்டர் பொருந்தாது. மாதத்துக்கு எத்தனை பக்கம், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி. பிரிண்டரைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் பலவும் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விடுவதால் வருபவை.

நம்பிக்கை 1: விலை குறைந்த பிரிண்டரே சிக்கனம்

உண்மை: கருவியின் விலை ஒருமுறை கொடுப்பது, மையின் விலை கருவி இருக்கும் வரை கொடுப்பது. கணக்குக்காக, 50 ரிங்கிட் கார்ட்ரிட்ஜ் 180 பக்கம் தருவதாகக் கொண்டால் பக்கத்துக்கு 28 சென் ஆகிறது. 40 ரிங்கிட் மைப்புட்டி 4,000 பக்கம் தந்தால் பக்கத்துக்கு 1 சென். கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் 250 ரிங்கிட், புட்டியிலிருந்து மை ஊற்றும் மைத்தொட்டி பிரிண்டர் 650 ரிங்கிட் என்றால், கூடுதலாகக் கொடுத்த 400 ரிங்கிட் ஏறக்குறைய 1,480 பக்கத்தில் திரும்பிவிடும். மாதம் 100 பக்கம் அடிப்பவருக்கு அது 15 மாதம். 10 பக்கம் மட்டும் அடிப்பவருக்கு 12 ஆண்டுக்கும் மேல். வாங்குமுன் கடையில் கேட்ட உண்மையான விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்யலாம். மை கார்ட்ரிட்ஜில் எத்தனை பக்கம் கிடைக்கும் என்பதை நிறுவனங்கள் ஐஎஸ்ஓ 24711 என்ற பொது அளவுமுறையில் சோதித்து அறிவிக்கின்றன. இரண்டு மாடல்களை ஒப்பிட அந்த எண் உதவும். பிரிண்டரோடு வரும் முதல் கார்ட்ரிட்ஜில் பல மாடல்களில் மை குறைவாகவே இருக்கும்.

மைத்தொட்டி பிரிண்டர் பிறந்தது தென்கிழக்காசியாவில்தான். கார்ட்ரிட்ஜ் விலை கட்டுப்படியாகாதவர்கள் வெளியே புட்டி வைத்து, பிரிண்டருக்குள் குழாய் இழுத்து மை ஊற்றிவந்தனர். அந்த வழக்கத்தையே எப்சன் முறையான கருவியாக்கி 2010இல் முதலில் இந்தோனேசியாவில் விற்பனைக்கு விட்டது. கேனன், பிரதர், எச்பி ஆகியவை பின்னர் அதே வழியில் வந்தன.

நம்பிக்கை 2: அப்படியானால் மைத்தொட்டிதான் எல்லாருக்கும் நல்லது

உண்மை: மை திரவம்; ஓடிக்கொண்டிருந்தால்தான் நலம். மயிரிழையை விட மெல்லிய துளைகள் வழியாக அது தாளில் விழுகிறது. எச்பி, கேனன் கருவிகளில் மை நொடிப்பொழுதில் சூடாகி, அதில் எழும் குமிழி துளியை வெளியே தள்ளும். எப்சனில் மின்சாரம் பட்டால் வளையும் படிகம் அந்த வேலையைச் செய்யும். எந்த முறையானாலும் வாரக்கணக்கில் அச்சடிக்காமல் விட்டால் துளைகளில் மை காய்ந்து கோடு கோடாக விழும். துளைகளைத் துப்புரவு செய்யும் வேலையும் மையைத்தான் குடிக்கும். கழிந்த மை உள்ளே ஒரு பஞ்சில் சேர்கிறது. அது நிறைந்தால் பிரிண்டர் நின்றுவிடும். அந்தப் பஞ்சை வீட்டிலேயே மாற்றும்படி தனிப்பெட்டியாக வைத்த மாடல்கள் நல்லவை. மலிவான கார்ட்ரிட்ஜ் மாடல்கள் பலவற்றில் அச்சு முனை கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது; அடைத்துக்கொண்டால் புதுக் கார்ட்ரிட்ஜோடு புது முனையும் வந்துவிடும். எப்போதாவது அச்சடிப்பவருக்கு இது ஒரு வசதி.

லேசர் பிரிண்டரின் டோனர் நுண்ணிய பிளாஸ்டிக் தூள். அதைச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கித் தாளில் ஒட்டவைப்பதால், மூன்று மாதம் தொடாமல் விட்டாலும் காய்ந்துபோக அதில் எதுவுமில்லை. எழுத்து கூர்மையாக விழும். தண்ணீர் பட்டாலும் கரையாது. தேர்வுக் காலத்தில் மூட்டை மூட்டையாகவும் பள்ளி விடுமுறையில் ஒன்றுமில்லாமலும் அச்சடிக்கும் டியூஷன் ஆசிரியருக்குக் கறுப்புவெள்ளை லேசர் பொருந்தும். அன்றாடம் வண்ணத்தில் மெனு அட்டை அடிக்கும் கேட்டரிங்காரருக்கு மைத்தொட்டி பொருந்தும். லேசர் சூடேறும்போது மின்சாரத்தைத் திடீரென அதிகமாக இழுக்கும் என்பதால் கணினிக்கு வைத்த சிறிய யுபிஎஸ்ஸில் அதைச் செருகக் கூடாது.

நம்பிக்கை 3: இணையம் இல்லாவிட்டால் வயர்லெஸ் பிரிண்டர் வேலை செய்யாது

உண்மை: வைஃபை வேறு, இணையம் வேறு. யூனிஃபை இணைய இணைப்பு அறுந்திருந்தாலும் வீட்டிலுள்ள ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் மடிக்கணினியும் பிரிண்டரும் ஒன்றோடொன்று பேசும். ரவுட்டரே இல்லாத இடத்தில் வைஃபை டைரக்ட் வழியாகக் கைப்பேசியை நேரடியாக இணைக்கலாம். கணக்குத் திறந்து இணையத்தோடு எப்போதும் இணைந்திருந்தால் மட்டுமே அச்சடிக்கும் சந்தாத் திட்ட மாடல்கள் விலக்கு. பெட்டியில் அப்படி ஏதேனும் நிபந்தனை உண்டா என்று பார்க்க வேண்டும். 2010இல் வந்த ஏர்பிரிண்ட் ஐபோனுக்கும், மோப்ரியா ஆண்ட்ராய்டுக்கும் தனிச் செயலி இல்லாமலே அச்சடிக்கும் வழி தருகின்றன. கூகல் கிளவுட் பிரிண்ட் உண்டு என்று பெட்டியில் போட்டிருந்தால் அது பழைய சரக்கு. அந்தச் சேவை 2020 டிசம்பர் 31உடன் நின்றுவிட்டது.

நம்பிக்கை 4: 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால்தான் வேகமாக அச்சாகும்

உண்மை: சாதாரணக் கடிதத்தின் கோப்பு மிகச் சிறியது, வேகத்தைத் தீர்மானிப்பது பிரிண்டரின் இயந்திரம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை செங்கல் சுவரையும் கான்கிரீட்டையும் தாண்டுவதில் 5ஐ விடத் தேர்ந்தது. மேல்மாடி அறையில் பிரிண்டரும் கீழே ரவுட்டரும் உள்ள வரிசை வீட்டில் அதுவே உதவும். விலை குறைந்த மாடல்கள் பல 2.4இல் மட்டுமே இயங்குவதால், முதல்முறை இணைக்கும்போது கைப்பேசியும் அதே அலையில் இருந்தால் சிக்கல் குறையும். விருந்தினருக்கான வைஃபையில் பிரிண்டரைச் சேர்த்தால் மற்றக் கருவிகளுக்கு அது தெரியாமல் போகலாம். அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் விபிஎன் ஓடினாலும் வீட்டுப் பிரிண்டர் மறையக்கூடும். அதற்கு யுஎஸ்பி கேபிள் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. பல பெட்டிகளில் அது வருவதில்லை.

நம்பிக்கை 5: பெட்டியில் எண் பெரிதாக இருந்தால் பிரிண்டர் நல்லது

உண்மை: 4800 டிபிஐ என்ற எண் புகைப்படத்தைப் பற்றியது. எழுத்துக்கு 600 டிபிஐ போதும். ஆவணத்தை ஸ்கேன் செய்ய 300 போதும். நிமிடத்துக்கு 33 பக்கம் என்பது பெரும்பாலும் மங்கலான டிராஃப்ட் முறையில் கிடைக்கும் வேகம். ஐஎஸ்ஓ 24734 முறையில் அளந்த எண்ணே உண்மைக்கு அருகில் இருக்கும். அது முதல் எண்ணில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். மாத உழைப்பு என்று போடப்படும் பெரிய எண் தாங்கும் எல்லை. பழக்கமாக அடிக்க வேண்டிய அளவு அதைவிட வெகு குறைவு.

நம்பிக்கை 6: ஸ்கேனர் எல்லா மாடலிலும் ஒன்றுதான்

உண்மை: கண்ணாடித் தட்டு மட்டும் உள்ள மாடலில் தாளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டும். ஏடிஎஃப் என்னும் மேல்தட்டு இருந்தால் அடுக்கி வைத்த தாள்களைக் கருவியே இழுத்துக்கொள்ளும். முப்பது பக்க ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது. ஆனால் ஏடிஎஃப் இருப்பதாலேயே தாளின் இரு பக்கமும் பதியும் என்று சொல்ல முடியாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். மலேசியாவில் பல விண்ணப்பங்களுக்கும் ஐசி என்னும் அடையாள அட்டையின் நகல் கேட்பது வழக்கம். அட்டையின் முன்னும் பின்னும் ஒரே தாளில் விழவைக்கும் ஐடி காப்பி பொத்தான் அடிக்கடி பயன்படும்.

கணக்கு எழுதுபவருக்கு அச்சை விட ஸ்கேன் முக்கியம். வியாபார ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். பெட்ரோல் நிலையத்திலும் கடையிலும் தரும் ரசீதோ வெப்பத்தாளில் அச்சானது. காரின் முன்பலகையில் கிடந்தால் சில நாளிலேயே வெளுக்கத் தொடங்கும். கிடைத்தவுடன் ஸ்கேன் செய்த ரசீதுதான் கடைசிவரை நிற்கும்.

நம்பிக்கை 7: தமிழில் அச்சடிக்கத் தமிழ் தெரிந்த பிரிண்டர் வேண்டும்

உண்மை: வீட்டுப் பிரிண்டருக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றித் தருவது கணினியும் கைப்பேசியும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய காலத்திலும் அதன் பின்னும் தமிழ் எழுத்துருக்கள் தத்தம் குறியீட்டு முறையில் வளர்ந்தன. பழைய அழைப்பிதழும் சங்கத்தின் பழைய அறிக்கையும் குப்பையெழுத்தாக அச்சாவதற்கு அந்த எழுத்துரு கணினியில் இல்லாததே காரணம். யூனிகோடில் தட்டச்சிட்டு, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எந்தப் பிரிண்டரிலும் சரியாக வரும். சிறிய எழுத்தில் டிராஃப்ட் முறையை மட்டும் தவிர்க்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி மங்கினால் ‘பட்டம்’ ‘படடம’ ஆகிவிடும்.

நம்பிக்கை 8: வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்தால் போதும்

உண்மை: மை பிரிண்டரை முதலில் அதன் பொத்தானால் அணைக்க வேண்டும். அப்போதுதான் அச்சு முனை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். சுவரில் அணைத்தால் முனை நின்ற இடத்திலேயே திறந்துகிடந்து காயலாம். அதே சமயம், கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களுள் ஒன்று. மாலை மழை இருட்டிக்கொண்டு வந்தால் பொத்தானை அணைத்து, பிறகு பிளக்கையும் கழற்றுவது நல்லது. வைஃபை என்பதால் மின்னல் அண்டாது என்பதில்லை. அது மின்கம்பி வழியாக வரும்.

மின்னலைப் போலவே ஈரக்காற்றும் ஒரு தொல்லை; அதற்குப் பலியாவது தாள். ஈரம் குடித்த தாள் சுருளும், சிக்கும், இரண்டு இரண்டாக உள்ளே போகும். திறந்த பின்தட்டை விட மூடிய தாள்பெட்டி உள்ள மாடல் இங்குள்ள வானிலைக்கு ஏற்றது. பிரித்த தாள்கட்டை அதன் உறையிலேயே மடித்து வைக்க வேண்டும்.

நம்பிக்கை 9: எந்த நாட்டில் வாங்கினாலும் பிரிண்டர் ஒன்றுதான்

உண்மை: சென்னையிலும் கோலாலம்பூரிலும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்று, பிளக் வேறு. அதைவிடப் பெரிய சிக்கல் கார்ட்ரிட்ஜ். சில நிறுவனங்கள் கார்ட்ரிட்ஜை வட்டாரவாரியாகப் பூட்டி வைக்கின்றன. ஓரிடத்துப் பிரிண்டர் வேறிடத்துக் கார்ட்ரிட்ஜை ஏற்காது. உத்தரவாதமும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். லோ யாட் பிளாசா கடைகளில் வாங்கினாலும் இணையக் கடையில் வாங்கினாலும், உத்தரவாதம் தருவது மலேசிய முகவரா, விற்பவரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேற்று நிறுவன மையால் வரும் பழுதை உத்தரவாதம் ஏற்பதில்லை. மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் அத்தகைய கார்ட்ரிட்ஜை மறுக்கும் பிரிண்டர்களும் உண்டு.

நம்பிக்கை 10: பிரிண்டர் விலையை வாழ்க்கைமுறை வரிவிலக்கில் கழிக்கலாம்

உண்மை: தனிநபருக்கான 2,500 ரிங்கிட் வாழ்க்கைமுறைக் கழிவில் கணினி, கைப்பேசி, டேப்லட், புத்தகம், இணையக் கட்டணம் ஆகியவை உண்டு, பிரிண்டர் இல்லை. வியாபார வருமானம் காட்டுபவருக்கு வழி வேறு. வியாபாரத்துக்காக வாங்கிய, 2,000 ரிங்கிட்டைத் தாண்டாத கருவி சிறுமதிப்புச் சொத்தாகக் கருதப்பட்டு, அதன் முழு விலையும் அந்த ஆண்டிலேயே மூலதனப் படியாகக் கிடைக்கும். மையும் தாளும் வியாபாரச் செலவு. வியாபாரத்தின் பெயரில் ரசீது வாங்கி வைப்பது பின்னால் உதவும்.

நம்பிக்கை 11: வீட்டு அலுவலகம் என்றால் பிரிண்டர் கட்டாயம்

உண்மை: 2024 ஆகஸ்ட் 1இல் தொடங்கிப் படிப்படியாக வந்த இ-இன்வாய்ஸ் முறையில் வரி வாரியம் சரிபார்ப்பது கணினிக் கோப்பை, அச்சடித்த தாள் அதன் தோற்றம் மட்டுமே. மாதம் ஐந்தாறு பக்கம் அடிப்பவருக்குப் பக்கத்துத் தெரு போட்டோஸ்டாட் கடையே மலிவு. ஸ்கேன் செய்யக் கைப்பேசி போதும். மாதம் சில பத்துப் பக்கம் விட்டுவிட்டு அடிப்பவருக்குக் கறுப்புவெள்ளை லேசர், நூறைத் தாண்டி வாராவாரம் வண்ணத்திலும் அடிப்பவருக்கு மைத்தொட்டி, தாளைவிட ரசீதும் ஒப்பந்தமும் அதிகம் புழங்குபவருக்கு ஏடிஎஃப் உள்ள மாடல் பொருந்தும்.