பழவேற்காட்டு நர்ஸ் தங்கைக்கு



பழவேற்காட்டுக் குப்பங்களுக்குக் கிராம சுகாதார செவிலியராக வந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டு மனம் நிறைந்தது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் உன் ஜனங்கள் பாய், குடம், பிள்ளைகுட்டிகளோடு பள்ளிக்கூடத்துக்கும் புயல் பாதுகாப்பு மையத்துக்கும் வந்து சேர்ந்துவிடுவார்கள். அன்றைக்கு உனக்குச் சோறு, கழிப்பறை, பாம்புக்கடி, பிரசவ வலி என்று ஆயிரம் கவலை இருக்கும். மணல்வாரி என்கிற தட்டம்மையைப் பற்றி யோசிக்க நேரமே இருக்காது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

தட்டம்மை வந்த குழந்தைக்குத் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடும். அந்தக் குழந்தை எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அறைக் காற்றிலேயே இருக்கும். நெருக்கியடித்துப் படுத்திருக்கும் கூடத்தில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 1985-இல் கிழக்குச் சூடானின் அகதி முகாம்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை இது கொண்டுபோனது. 2017-இல் ரோஹிங்யா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடிவந்தபோது, சில வாரங்களுக்குள்ளேயே ஆறு மாதம் முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். முகாம் என்றால் தண்ணீரும் கூரையும் தரும்போதே இந்த ஊசியையும் தர வேண்டும் என்பது பட்டுத் தெரிந்துகொண்ட விதி.

நம் கரையிலும் அது பட்டுத் தெரிந்ததுதான். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி. 29-ஆம் தேதியே பாதித்த ஊர்களில் தட்டம்மை ஊசி தொடங்கிவிட்டது. மறுநாள் கடலூர் மாவட்டத்தில் நோய் தலைகாட்டிய செய்தி வந்தது. அந்தக் கரையில் ஊசி போட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை என்பதுதான் உத்தரவு. தம்பியை இடுப்பில் தூக்கி வந்த ஏழு வயது அக்கா, அவன் அழுகையை அடக்கிவிட்டு அப்படியே திரும்பிப் போவாள். அவள் வயது வரம்பைத் தாண்டியவள். பிறகு கணக்கெடுத்ததில் 101 பேருக்கு நோய். அதில் 71 பேர் சுனாமி பாதித்த ஊர்க்காரர்கள். அவர்களில் 36 சதவீதம் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்கள்.

இன்னொன்றையும் கவனி. ஆயிரத்துக்கு எத்தனை பேர் என்று பார்த்தால், அலை தொடாத ஊர்களில் நோய் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. பாதித்த ஊர்களில் 42 சதவீதம் பேருக்கு அலை வந்த 14 நாளுக்குள்ளேயே நோய் தொடங்கியது. இந்தக் கிருமி உடம்பில் புகுந்து தடிப்பாக வெளிவர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அப்படியென்றால் பலருக்கும் அலைக்கு முன்பே தொற்றியிருக்கிறது. நோயைக் கடல் கொண்டுவரவில்லை, அது ஊருக்குள்ளேயே இருந்தது.

இத்தனைக்கும் அப்போது தமிழ்நாட்டில் ஒரு தவணை ஊசி 95 சதவீதத்துக்கு மேல் போட்டிருந்தோம். கணக்குப் போட்டுப் பார். ஒன்பதாம் மாதத்தில் போடும் ஊசி நூற்றில் 85 குழந்தைகளுக்குத்தான் பிடிக்கும். 95 பேருக்குப் போட்டால் 81 பேருக்குப் பாதுகாப்பு, 19 பேருக்கு இல்லை. ஒவ்வொரு வருடமும் 19 சேர்ந்தால், ஐந்தே வருடத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் பிறந்த பிள்ளைகள் மொத்தமும் பாதுகாப்பில்லாமல் நிற்பதற்குச் சமம். இரண்டாம் தவணை இதற்காகத்தான் வந்தது. ஆகவே உன் பதிவேட்டில் 95 என்று பார்த்தால் நிம்மதி அடையாதே. 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய இரண்டாவது ஊசியை யார் யார் விட்டார்கள் என்று பெயர் பெயராக எழுதி வை.

விடுபடுகிறவர்கள் யார் என்று உனக்கே தெரியவரும். இருளர் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில், கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவுகிறவர்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வா என்றால் அவர்களால் எப்படி வர முடியும்? தண்ணீர் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுவிட்டு, அவர்கள் கரையேறும் நேரத்துக்கு நீ போ. மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு வரும் ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள் பிக்மி என்கிற தாய்-சேய் பதிவேட்டில் இருக்கமாட்டார்கள். அட்டை இல்லாவிட்டாலும் ஊசி உண்டு. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமைப் பார்க்கும் செவிலியரோடு பழகி வை. அங்கே காய்ச்சலும் தடிப்பும் கண்டால் உனக்கும், இங்கே கண்டால் அவருக்கும் அன்றைக்கே தெரிய வேண்டும்.

யாராவது ஊசி வேண்டாம் என்றால் கோபப்படாதே. உன் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் 2008 ஏப்ரலில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தப் பயத்தை வதந்தி என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. அதன்பின் ஊசி கிராமத்தை விட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நகர்ந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டின் முழுத் தடுப்பூசி அளவு 2005-06-இல் 80.9 சதவீதம், 2015-16-இல் 69.7. காரணம் பல இருக்கலாம். கைக்குழந்தையோடு பஸ் ஏற வேண்டிவந்ததும் அதில் ஒன்று என்பது என் எண்ணம்.

அந்தத் தாய்மார்களுக்கு நாம் தரக்கூடிய பதில் நம் கவனமான வேலைதான். ஊசி மருந்து இருக்கும் பெட்டியில் வேறு எந்த மருந்தும் இருக்கக் கூடாது. கலக்கும் திரவத்தின் லேபிளை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படி. அதே கம்பெனியுடையதுதானா, அதுவும் குளிரில் இருந்ததா என்று பார். கலக்கிய நேரத்தைக் குப்பி மேலேயே எழுது. நான்கு மணி நேரம் தாண்டினால் பாதிக்குமேல் மிச்சம் இருந்தாலும் அப்புறப்படுத்து. ஊசி போட்டபின் அரை மணி நேரம் தாயை உட்கார வைத்துப் பேசு. வந்தது ஒரே குழந்தை என்றாலும் குப்பியைத் திற. மருந்து வீணாகிறதே என்று திருப்பி அனுப்பிய பிள்ளை மறுபடி வருவது நிச்சயமில்லை.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நில். அம்மா வந்திருக்கிறாள் என்று அந்நியரை உள்ளே விடாத வீடு, நாம் கேட்கிற தனிமைப்படுத்தலைத் தானாகவே செய்கிறது. அதை மதித்துப் பேசினால் வைட்டமின் ஏ கொடுக்க அனுமதிப்பார்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு 2 லட்சம் யூனிட், ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 1 லட்சம். இன்று ஒன்று, நாளை ஒன்று. கண்ணைக் காப்பாற்றும், உயிரையும் காப்பாற்றும். அந்த வீட்டோடு பழகிய மற்ற பிள்ளைகளுக்கு, முதலில் பழகிய 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டுவிட்டால் பலருக்கு நோய் வராமலே போகும்.

புயல் மையத்தில் கூட்டம் சேர்ந்து, ஊசி போட உத்தரவு வந்தால், 15 வயதுவரை போட அனுமதி கேட்டு வாங்கு. ஒன்பது மாதத்துக்குள் போட்டது கணக்கில் சேராது, மறுபடி போட வேண்டும் என்பதை அட்டையிலேயே எழுதிக்கொடு. ஆடி முடிவதற்குள் இரண்டாம் தவணை விட்டவர்களின் பட்டியலைத் தயார்செய்து டாக்டரிடம் ஒரு நகல் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் அக்கா